பிணம் ஏறாத வண்டி

எங்கள் ஊர் ஆம்புலன்ஸ் போன தை மாதம் காயலான் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. இனித் தீர்த்தகிரியைப் பற்றி உள்ளதை எழுதினால் யாருக்கும் கெடுதல் இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் என்ற முறையில் நானே எழுதுகிறேன்.

ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்தில் காவிரிக்கரை ஊர் எங்களுடையது. வடக்கே போய் ஆழ்துளைக் கிணறு போட்டுச் சம்பாதித்த ரிக் லாரி முதலாளிகள் சேர்ந்து அந்த வண்டியை வாங்கிக் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் பெயரை இரண்டு பக்கமும் எழுதியதில், கூப்பிட வேண்டிய நம்பருக்கு இடமில்லாமல் போய், பின் கதவு மூலையில் பொடியாக எழுதினார்கள். வண்டிக்குப் பூஜை போட்டார்கள், டீசல் போட்டார்கள். நோயாளியோடு உட்கார ஒரு நர்சுக்குச் சம்பளம் போட மட்டும் ஒருவருக்கும் மனம் வரவில்லை. நர்சின் முதுகில் பெயர் எழுத முடியாதல்லவா!

ரிக் லாரி ஓட்டி இடுப்பு தேய்ந்து ஊர் திரும்பியிருந்த தீர்த்தகிரியை ஓட்டுநராகப் போட்டார்கள். முதல் மாதமே ஒரு பெரியவரின் பிணத்தைச் சேலத்திலிருந்து அதில் கொண்டுவந்தார். மறுநாள் ஊரில் யுவஸ்ரீ என்ற பெண்ணுக்குப் பிரசவ வலி. அவள் அம்மா சின்னாயி வாசலில் குறுக்கே நின்றுகொண்டாள்.

"பொணம் போன வண்டீல எம் புள்ளைய ஏத்தமாட்டனுங்க. நீங்க போங்க."

தீர்த்தகிரி கெஞ்சிப் பார்த்தார். யுவஸ்ரீயைச் சரக்கு ஆட்டோவில் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். குழந்தை தங்கவில்லை. சின்னாயியைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. எங்கள் வீட்டிலும் அதைத்தான் செய்திருப்போம்.

அன்றைக்கே தீர்த்தகிரி வண்டியை மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவினார். இனி எந்தப் பிணமும் இதில் ஏறாது என்று மாரியம்மன் கோயில் முன்னால் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்தார். இறந்தவர்களைக் கொண்டுவர வேறொரு வண்டி வாங்கிக் கொடுங்கள் என்று ஊர்க் கமிட்டித் தலைவர் தீனதயாளனிடம் நடையாக நடந்தார். பார்க்கலாம் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே கமிட்டி கோயிலுக்கு அலங்கார வளைவு கட்டி முடித்தது. பிணத்துக்கு வண்டி தராதவன் என்று ஊரில் தீர்த்தகிரியோடு பேச்சை விட்டவர்களும் உண்டு. ஆனாலும் ஒவ்வொருவராக அந்த வண்டியில் ஏறத் தொடங்கினார்கள். பாம்பு கடித்தவர்கள், கரும்புத் தோட்டத்தில் மயங்கி விழுந்தவர்கள், பிரசவத்துக்குப் போகிறவர்கள் எல்லாரும் ஏறினார்கள். வழியில் மூச்சு நின்றால்கூடத் தீர்த்தகிரி சைரனை நிறுத்தமாட்டார். டாக்டர் பார்த்துச் சொல்லட்டும் என்பார். அதனால் ஊரைப் பொறுத்தவரை அந்த வண்டிக்குள் ஓர் உயிரும் போனதில்லை.

ஆடி மாதம் அவர் மனைவி மாரக்காளுக்கு மூச்சுத்திணறல் வந்தது. மகள் சுகன்யா பின்னால் அம்மாவோடு ஏறினாள். நான் முன் சீட்டில் உட்கார்ந்தேன். ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தது. அதைத் திறக்கத் தெரிந்த ஆள்தான் பின்னால் இல்லை. தீர்த்தகிரி ஓட்டிக்கொண்டே, "இடது பக்கம் திருகு சாமி, மூக்கோட அழுத்திப் புடி" என்று மகளிடம் கத்திக்கொண்டு வந்தார். பரமத்தி வேலூர் தாண்டியதும் பின்னாலிருந்து சுகன்யாவின் குரல் வந்தது.

"அப்பா, அம்மாவுக்கு மூச்சே இல்லீங்கப்பா."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சைரனும் நிற்கவில்லை. நாமக்கல்லில் டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

தீனதயாளன் காரில் வந்து சேர்ந்தார். "நம்ம வண்டியிலயே ஏத்திக்க தீர்த்தகிரி. உம் பொண்டாட்டிக்கு யாரு வேண்டாங்கப் போறா?"

"ஏத்துனா நாளைக்கி ஒருத்தரும் ஏறமாட்டாங்க. உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றார் தீர்த்தகிரி. தீனதயாளன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அந்த ஆளை அறையலாம் போலிருந்தது.

வாழைத்தார் இறக்கிவிட்டுத் திரும்பும் டெம்போ ஒன்று கிடைத்தது. சருகைக் கூட்டித் தள்ளிவிட்டு மாரக்காளைக் கிடத்தினோம். தீர்த்தகிரி மகளைத் தனியாக அழைத்துப் பேசினார். நான் பக்கத்திலேயே இருந்தேன்.

"ஊருல கேட்டா ஆஸ்பத்திரீல போச்சுன்னு சொல்லு சாமி. வண்டீலன்னு சொல்லிராத."

அந்தப் பெண் அப்பாவை வெறித்துப் பார்த்தாள். பிறகு டெம்போவில் ஏறி அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள். காலி ஆம்புலன்ஸை ஓட்டிக்கொண்டு அவர் பின்னாலேயே வந்தார்.

வீட்டில் பெண்கள் சுகன்யாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். "எங்க சாமி உசுரு போச்சு?" என்று சின்னாயிதான் கேட்டாள்.

"ஆஸ்பத்திரீலதானுங்க" என்றாள் சுகன்யா. "கட்டல்ல படுக்க வெச்சாங்க. டாக்டரு ஊசி போட்டாரு. தண்ணி வேணும்னாங்க, குடுத்தேன். எங் கையப் புடிச்சுக்கிட்டே கண்ண மூடிட்டாங்க."

அவ்வளவையும் தடுமாறாமல் சொன்னாள். தீர்த்தகிரி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சுடுகாட்டுக்குப் போய்த் திரும்புகிற வழியில் அவர் என் தோளைத் தொட்டார்.

"ஏனுங்க, அவ தண்ணி கேட்டாளாங்க? சைரன் சத்தத்துல எனக்கு ஒண்ணுங் கேக்கலீங்க."

எனக்கும் தெரியவில்லை. நானும் முன் சீட்டில்தான் உட்கார்ந்திருந்தேன்.