பேட்டரி இல்லாமல் பேசிய தந்தி

இன்று காலை பதுளை தபால் கந்தோருக்குப் போனேன். மதுரையில் மனைவிக்கு இது பிரசவ மாதம். நலம் கேட்டுத் தந்தி கொடுக்க வேண்டும்.

தந்தி மாஸ்டர் கருவியைத் தொடாமல் தள்ளி உட்கார்ந்திருந்தார். அது தானாகவே தட்டிக்கொண்டிருந்தது.

"யாருங்க அனுப்புறது?" என்றேன்.

"யாரும் இல்லீங்க. பேட்டரியக் கழட்டி அரைமணி நேரமாச்சு. சூரியன்ல ஏதோ புயலாம், அதோட கரண்டு கம்பியில ஏறுதாம்."

தேயிலைத் தோட்டத்துக்குத் தந்தி வந்தால் அது சாவுச் செய்திதான். பக்கத்தில் நின்ற கங்காணி தலைப்பாகையைக் கழற்றிவிட்டார். "எந்த லயத்து வீட்டுக்குன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க ஐயா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தந்தி கொடுக்காமலே திரும்பினேன்.

வெளியே நல்ல வெயில். என் கடைவரைக்கும் நிழலிலேயே நடந்தேன்.

இனி என் பெயருக்கு ஒரு தந்தி வந்தால், அதை அனுப்பியது வீடா, சூரியனா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.