நரகம், ஒரு பேப்பர் அரியர்

ஜெராக்ஸ் கடைக்காரியைப் பார்த்து யாரும் "நல்லா இருக்கியா" என்று கேட்பதில்லை; "ரெண்டு பக்கமும் ஒரு காப்பி, ஜல்தி" என்றுதான் கேட்பார்கள். திண்டிவனத்தில் தாலுகா ஆபீசுக்கு எதிரே பதினாறு வருஷமாக மெஷினை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஊரில் பாதிப் பேருடைய பட்டாவும் ஜாதகமும் விவாகரத்து மனுவும் என் கண்ணாடி மேல் குப்புறப் படுத்து எழுந்தவைதான். அடுத்தவர் டிகிரி சர்டிபிகேட்டைக் கட்டுக் கட்டாகக் காப்பி எடுத்துக் கொடுத்தவளுக்கு, சொந்தமாக ஒன்று வேண்டும் என்று ஆசை வந்தது தப்பா? தபாலில் எம்.ஏ. ஆங்கிலம் சேர்ந்தேன். எல்லாப் பேப்பரும் எப்படியோ தேறிவிட்டது. ஒன்றே ஒன்று மட்டும் மூன்று தடவை என்னைக் குப்புறத் தள்ளியது. ஐரோப்பிய இலக்கியம்.

அதில் ஒரு காவியம். பல நூறு வருஷத்துக்கு முன்னால் இத்தாலிக்காரர் ஒருவர் எழுதியது. நடுவயசில் காட்டில் வழி தவறிப்போன ஒரு மனுஷனை, எப்போதோ செத்துப்போன கவிஞர் ஒருவர் வந்து நரகத்துக்குள் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டுகிறார். மொத்தம் ஒன்பது வட்டம். வட்டத்துக்கு ஒரு பாவம், பாவத்துக்குத் தகுந்த தண்டனை. பழைய சிலபஸ்காரர்களுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு என்று லெட்டரும் வந்துவிட்டது. இந்தத் தடவையும் போனால் படித்தது மொத்தமும் போச்சு, மறுபடி முதல் வருஷத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அரியர் வைத்து அழுத அன்பர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒரே மூச்சில் பாஸ் பண்ணியவர்களுக்கு இந்த வலி புரியாது. அவர்கள் நன்றாயிருக்கட்டும்.

சுவரில் மாட்டிய படம்

ஒன்பது வட்டமும் வரிசையாக மனசில் நிற்கவில்லை. பெரிய தாள் இரண்டை ஒட்டி, மேலே அகலமாகவும் கீழே போகப்போகக் குறுகலாகவும் வட்டம் வட்டமாகப் போட்டு, மெஷினுக்கு மேலே சுவரில் மாட்டினேன். கை வேலை செய்யும்போது கண் படிக்குமே என்று ஒரு கணக்கு.

ஒரு நாள் மயிலம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் பட்டா மாற்றக் கட்டுக் காகிதத்தோடு வந்தார். அந்த நேரம் பார்த்து கரண்ட் போய்விட்டது. நின்றவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாம்மா இது?" என்றார். நான் டோனர் கறையைத் துடைத்தபடியே சுருக்கமாகச் சொன்னேன்: "மேல இருந்து ஒவ்வொரு எடமா கீழ எறங்கணும் பெரியவரே. அங்கங்க ஒருத்தன் உக்காந்துக்கினு மடக்குவான், கேள்வி கேப்பான். கூடவே வழி தெரிஞ்ச ஆளு ஒருத்தரு வருவாரு, அவரு பேசி அனுப்பி வெப்பாரு."

பெரியவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். பட்டாக் காகிதத்தின் பின்பக்கத்தில் வட்டம் போட ஆரம்பித்தார். நான் பதறிப்போய் "ஐயோ, அது நரகம்" என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் சொன்னார்: "நாலு மாசமா நாயா அலையிறேன், ஒருத்தனும் இப்பிடிப் படம் போட்டுச் சொல்லல. ஒம்போது எடமா? சரி, போறேன். கூட வர்ற அந்த ஆளு நம்பரு மட்டும் குடும்மா."

அடியில் ஐஸ்

கத்திரி வெயில். ஃபேன் சுற்றுகிறதா நிற்கிறதா என்று அதற்கே தெரியாத வேகம். மல்லாட்டைப் பயிருக்கு இன்சூரன்ஸ் எழுத வந்த இரண்டு பேர், வேர்வையைத் துண்டால் பிழிந்தபடி நின்றார்கள். ஒருவர் என் படத்தைப் பார்த்து, "நரகம்னா எண்ணெய்க் கொப்பரை எந்த மூலையில இருக்கு?" என்று விசாரித்தார். இந்த இத்தாலிக்காரரிடம் நெருப்பு நடு வட்டங்களில்தான் என்றேன். ஆக மோசமான பாவிகள், அதாவது நம்பினவனுக்குத் துரோகம் செய்தவர்கள், கடைசி வட்டத்தில், ஐஸில் புதைந்து கிடப்பார்கள் என்றேன்.

"ஐஸா?" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில். ஐஸ்தான் என்றேன். கழுத்து வரைக்கும் என்றேன். அவர்கள் முகத்தில் பயமே வரவில்லை, பொறாமைதான் வந்தது. நானும் யோசித்துப் பார்த்தேன், அந்த வெயிலில் எனக்கும் அது தண்டனையாகத் தோன்றவில்லை. மூத்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "சின்னத் தப்பு பண்ணவன் வெயில்ல நிக்கிறான், பெரிய தப்பு பண்ணவனுக்கு ஏசி. இதை எழுதறதுக்கு அவ்ளோ தூரம் எதுக்கும்மா போவணும்?"

மேரியின் கவலை

ஆரோக்கியமேரி என் சிநேகிதி. சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறாள். மகள் கல்யாணத்துக்காக ஞானஸ்நானச் சர்டிபிகேட்டைக் காப்பி எடுக்க வந்தாள். நான் அன்றைக்கு முதல் வட்டத்தில் இருந்தேன், அதாவது படிப்பில். அங்கே இருப்பவர்கள் நல்லவர்கள்தான், ஞானஸ்நானம் வாங்காத ஒரே குறை. அடி உதை கிடையாது, ஆனால் மேலே போகவும் முடியாது. அதை அவளிடம் விளையாட்டாகச் சொல்லிவிட்டேன்.

மேரி சிரிக்கவில்லை. "அப்போ நீ?" என்றாள். "அங்கதான், வேற எங்க?" என்றேன். "அங்க சோறு போடுவாங்களா?" என்றாள். அதைப் பற்றி நோட்ஸில் ஒன்றும் இல்லை என்றேன். அவளுக்கு முகமே வாடிவிட்டது. சர்டிபிகேட்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். எதுக்குடி சொன்னோம் என்று எனக்கு ஆகிவிட்டது. படி இறங்கியவள் திரும்பி வந்து சொன்னாள்: "நீ ஒண்ணும் பயப்படாத. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் மேல இருந்து எறங்கி வந்து உன்னப் பாத்துட்டுப் போறேன், வரும்போது சோறும் எடுத்துக்கினு வர்றேன்."

மாஸ்டரின் சட்டைப் பை

ஏழுமலை மாஸ்டரை உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு தனியார் பள்ளியில் பி.டி. மாஸ்டர். பரீட்சை ஹாலில் பிட்டு பிடிப்பதில் புலி. பையன் சாக்ஸுக்குள் வைத்திருந்தாலும் மோப்பம் பிடித்துவிடுவார். அவரும் என்னோடு தபாலில் எம்.ஏ. படித்தவர், அவருக்கும் இதே பேப்பர்தான் பாக்கி, இதே கடைசி வாய்ப்புதான். பரீட்சைக்கு முந்தின நாள் மத்தியானம் விசில் கழுத்தில் தொங்க ஓடி வந்தார். ஒரு வரிகூடப் படிக்கவில்லையாம், ஸ்போர்ட்ஸ் டேயாம்.

பாவமாக இருந்தது. நானே கையால் எழுதிய நோட்ஸைக் கொடுத்தேன். நாலு பக்கம் இங்கிலீஷ். ஓரத்தில் ஞாபகத்துக்காகப் பென்சிலில் தமிழில் கிறுக்கியிருப்பேன். பெருந்தீனிக்காரர்கள் வட்டத்துக்கு நேரே "பிரியாணி அன்னிக்கு நான்". கோபக்காரர்கள் வட்டத்துக்கு நேரே "என் வீட்டுக்காரர், காலையில மட்டும்". இப்படி. மாஸ்டர் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். அக்கம் பக்கம் பார்த்தார். "மேடம், இதக் கொஞ்சம் சின்னது பண்ணிக் குடுங்களேன்" என்றார்.

எவ்வளவு சின்னது என்று கேட்டேன். தீப்பெட்டியைக் காட்டினார். மைக்ரோ ஜெராக்ஸ் எதற்கு என்று எனக்குத் தெரியாதா? பதினாறு வருஷமாகப் பசங்களுக்குப் போட்டுக் கொடுப்பவள்தானே. மெஷினுக்கு நியாயம் அநியாயம் கிடையாது என்று சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டியவள். பாதியாக்கினேன், அதை மறுபடி பாதியாக்கினேன், அதையும் பாதியாக்கினேன். கத்தரித்து அவர் கையில் வைத்தேன். புலி அதைச் சட்டைப் பையில் போட்டுத் தட்டிக்கொண்டு சொன்னது: "தப்பா நெனைக்காதீங்க மேடம், பஸ்ல படிச்சிக்கினு போறதுக்குத்தான்."

டோல்கேட்டில் ஒரு தீர்ப்பு

பரீட்சை விழுப்புரத்தில். பஸ் விக்கிரவாண்டி டோல்கேட்டில் லாரி வரிசைக்குள் மாட்டிக்கொண்டது. கண்ணை மூடிக்கொண்டு தண்டனைகளை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். "கழுத்தத் திருப்பி முதுகுப் பக்கம் வெக்கணும். கொதிக்கிற தாருல முக்கணும். தலைகீழா நட்டு உள்ளங்கால்ல நெருப்பு வெக்கணும்." பரீட்சை பயத்தில் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்லியிருப்பேன் போல.

பக்கத்து சீட்டில் பூக்கூடையோடு ஓர் அம்மா. கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு என் கையை ஆதரவாகப் பிடித்துக்கொண்டார். கூடையிலிருந்து ஒரு முழம் கிள்ளி என் தலையில் வைத்துவிட்டுக் காதோடு சொன்னார்: "மாமியாராம்மா? அப்போ தாரு பத்தாது."

பறக்கும் படை

கேள்வித்தாளைப் பார்த்ததும் கும்பிட்டேன். ஒன்பது வட்டத்தையும் விளக்கச் சொல்லி முதல் பெரிய கேள்வி. எழுதினேன் பாருங்கள், கையா மெஷினா என்று எனக்கே தெரியவில்லை. முக்கால் மணி நேரம் போயிருக்கும், பறக்கும் படை உள்ளே வந்தது. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிய ஒரு சார். நேராக எனக்கு முன் பெஞ்சுக்குப் போனார், மாஸ்டரின் சட்டைப் பையில் கையை விட்டார், தீப்பெட்டிக் காகிதத்தை எடுத்தார். மாஸ்டரின் கழுத்து பின்னாலிருந்து பார்க்கவே கறுத்துப்போனது. "எங்க எடுத்த ஜெராக்ஸு இது?" என்றார் சார். மாஸ்டர் என் பக்கம் திரும்பவே இல்லை. "கீழ கெடந்துச்சு சார்" என்றார்.

சார் கண்ணாடியை இறக்கி, காகிதத்தை மூக்கருகே கொண்டுபோய்ச் சத்தமாகப் படித்தார்: "என் வீட்டுக்காரர், காலையில மட்டும்." ஹாலே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. பென்சில் கிறுக்கலும் கூடவே சின்னதாகியிருந்ததை நான் எங்கே கவனித்தேன்? அதைவிடப் பெரிய பேஜாரு, மனப்பாடம் பண்ணிய வேகத்தில் என் விடைத்தாளிலும் அதையே இங்கிலீஷில் எழுதித் தொலைத்திருந்தேன். கோபக்காரர்கள், லைக் மை ஹஸ்பண்ட், மார்னிங்ஸ் ஒன்லி. சார் அப்படியே நடந்து வந்தவர் என் பெஞ்சில் நின்றார். என் தாளைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார். "இந்த ஆளை உனக்குத் தெரியுமா?" என்றார்.

தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். டிகிரி தப்பித்துவிடும். கடைசி வாய்ப்பு, ஐயா, கடைசி வாய்ப்பு! அந்த நேரம் பார்த்து ஒன்பதாவது வட்டம் ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது. முன் பெஞ்சில் அந்த மனுஷன் என்னைக் காட்டிக்கொடுக்காமல் உட்கார்ந்திருக்கிறார். வெயிலில் நின்ற அந்த இரண்டு பேருக்கு வேண்டுமானால் ஐஸ் பிடிக்கலாம், எனக்கு அன்றைக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. "தெரியும் சார். என் கையெழுத்துதான். சின்னது பண்ணிக் குடுத்ததும் நான்தான்" என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அப்போ உன் பிட்டு எங்க?" என்றார். பிட்டு இல்லை, எல்லாம் மனசில் இருக்கிறது என்றேன். "இருந்தா சொல்லு" என்றார். எழுந்து நின்றேன். முதல் வட்டத்தில் ஆரம்பித்தேன். இங்கிலீஷ் திக்கிய இடத்தில் தமிழ், தமிழ் திக்கிய இடத்தில் கை ஜாடை. காற்று, மழை, பாறாங்கல், சேறு, எரிகிற கல்லறை என்று வரிசையாக இறங்கினேன். ஏழாவது வட்டத்தில்தான் கவனித்தேன், ஹாலில் ஒரு சத்தம் இல்லை, பேனாக்கள் கீறுகிற சத்தம் மட்டும். அத்தனை பேரும் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். சார் சுற்றிப் பார்த்தார், பதறிப்போய் என் முன்னால் கையை நீட்டித் தடுத்தார்: "போதும்மா தாயே, உக்காரு! நீ அடி வரைக்கும் போனா இந்த ஹாலே பாஸாயிடும்."

மறுபடியும் மாஸ்டர்

மாஸ்டரின் தாளைப் பிடுங்கிக்கொண்டார்கள். வாக்குமூலத்தில் அவர், "நோட்ஸைப் படிக்கத்தான் கேட்டு வாங்கினேன், ஹாலுக்குள் கொண்டுவந்தது என் தப்பு மட்டுமே" என்று எழுதிக் கொடுத்தாராம். அதனால் என் பெயர் தப்பியது. இது எனக்கு அப்புறம்தான் தெரியும். ரிசல்ட் வருகிற வரைக்கும் நான் சோறு தின்றேனா மண்ணைத் தின்றேனா என்று நினைவில்லை. பாஸ். பாஸ் மார்க் அம்பது, எனக்கு அம்பத்தொண்ணு. மெஷினைக் கட்டிக்கொண்டு அழுதேன். அழுது முடித்ததும் "மைக்ரோ ஜெராக்ஸ்" என்று கடை வாசலில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்துப் போட்டேன்.

மறுநாள் மாஸ்டர் வந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. "என்னாலதான மாஸ்டர்" என்று ஆரம்பித்தேன். கையமர்த்திவிட்டு, முதல் வருஷ அட்மிஷன் ஃபாரம் ஒன்றை ஆன்லைனில் எடுத்துத் தரச் சொன்னார். மறுபடி முதலிலிருந்து சேரப் போகிறாராம். எடுத்துக் கொடுத்தேன். அவர் போகாமல் நின்றார், விசிலை விரலில் சுற்றினார், அப்புறம் சொன்னார்: "அந்த நோட்ஸும் ஒரு காப்பி குடுங்க மேடம், இந்தத் தபா பெருசாவே. இங்கிலீஷு ஒண்ணும் வெளங்கல, ஓரத்துல பென்சில்ல எழுதியிருந்தீங்களே, அது மட்டும்தான் எனக்குப் புரிஞ்சுது."

பாவத்துக்குத் தகுந்த தண்டனை என்று அந்த இத்தாலிக்காரர் எழுதியது சத்தியமான வார்த்தை: நரகத்தைத் தீப்பெட்டி அளவுக்குச் சின்னதாக்கிக் கொடுத்த குற்றத்துக்கு, இப்போது சனி ஞாயிறு தவறாமல் மாஸ்டரை எதிரே உட்கார வைத்து ஒன்பது வட்டத்தையும் விலாவாரியாகச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.