குதிரைவீரனைக் கொன்ற பாம்பு

கராம்பு வாசனைதான் முதலில் வரும். மாத்தளையில் வாப்பாவின் கடையில், மிளகு, கராம்பு மூட்டைகளுக்கு நடுவே வைத்திருந்ததால், துபாயிலிருந்து மாமா கொண்டுவந்த அந்த விளையாட்டு அட்டைகளைப் பிரிக்கும்போதெல்லாம் விரல்களில் காரம் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு மிருகமோ வீரனோ. அதன் அடி எவ்வளவு, உயிர் எவ்வளவு என்று எண்கள். கீழே பொடி எழுத்தில் சட்டம், எல்லாம் இங்கிலீசில்.

எனக்குப் பதினொரு வயது, "இங்கிலீசு மீடியம்". என்னைவிட நான்கு வயது மூத்த என் அண்ணன், நானா, படிப்பை விட்டுவிட்டு வாப்பாவோடு கடையில் நின்றார். தமிழ் வாசிப்பார், சிங்களம் சரளமாகப் பேசுவார். இங்கிலீசு மட்டும் வராது. "தங்கச்சி, இதுல என்ன போட்டீக்கி?" என்று அட்டையை நீட்டுவார். நான் வாசித்துச் சொன்னதுதான் சட்டம்.

அவருக்குப் பிடித்தது ஈட்டி ஏந்திய ஒரு குதிரைவீரன். சண்டையில் இரண்டு அட்டைகளும் ஒரே நேரத்தில் அடித்துக்கொள்வதுதான் வழக்கம். குதிரைவீரனுக்கு மட்டும் "முந்தி அடி" உண்டு. அவன் குத்தி எதிரி செத்தால் அது திருப்பி அடிக்க முடியாது. என்னிடம் ஒரு சின்னப் பாம்பு இருந்தது. அது தீண்டினால் எப்பேர்ப்பட்ட அட்டையும் சாகும். ஒரு பெருநாள் விடுமுறையில், தோற்றுக்கொண்டே இருந்த எரிச்சலில், குதிரைவீரனைப் பாம்பால் மறித்தேன். ஈட்டி முதலில் பாயும், பாம்பு தீண்டுமுன்பே செத்துவிடும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அட்டைகளோடு வந்த சட்டத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டே, "விஷத்துக்கு முந்தி அடி செல்லாதுண்டு போட்டீக்கி நானா, ரெண்டும் மவுத்து" என்றேன்.

"அப்படியா? நீ வாசிச்சா சரிதான்" என்று குதிரைவீரனை எடுத்து ஓரமாக வைத்தார். அதன் பிறகு மாதக்கணக்கில் அந்தப் பாம்பு அவனைக் கொன்றது.

பல்லேபொலயிலிருந்து கடைக்கு மிளகு கொண்டுவரும் ஒரு சிங்கள நண்பருக்கும் அந்த விளையாட்டு தெரியும். அவர் சரியான சட்டத்தைச் சொன்ன அன்று நானா வீட்டுக்கு வந்து கத்தவில்லை. உம்மாதான், "காட் வெளாட்டுக்கா மூஞ்சத் தூக்கி வெச்சிக்கிட்டு ஈக்கிற?" என்று கேட்டார்.

"வெளாட்டு இல்ல உம்மா. எனக்கு வாசிக்கத் தெரியாதுண்டு தெரிஞ்சிதானே செஞ்சா."

எனக்கு மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. சின்ன விசயம், மறந்துவிடுவார் என்று நினைத்தேன்.

பெருநாளுக்கு உடுப்பு வாங்கித் தந்தார், மழைநாளில் குடையோடு பள்ளிக்கூட வாசலில் நின்றார். ஆனால் ஒரு தாளைக்கூட என்னிடம் நீட்டியதில்லை. அவருக்கு இருபத்திரண்டு வயதில் வெளிநாட்டு வேலைக்கு இங்கிலீசில் ஒப்பந்தம் வந்தபோது, நான் அடுத்த அறையில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். "டிரைவர் வேலை" என்று தரகர் சொன்னதை நம்பி ஒப்பமிட்டார். தாளில் இருந்ததோ பாலைவனத்தில் ஆடு மேய்க்கும் வேலை. நான்கு வருடம் முதலாளி கடவுச்சீட்டை அவர் கையில் கொடுக்கவில்லை. வாப்பா இறந்தபோது ஜனாஸாவுக்கு அவரால் வர முடியவில்லை.

அவர் திரும்பி வந்ததும் நான் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். "அது சின்னப் புள்ளக் காலத்துல நடந்தது" என்று சிரித்தார்.

இப்போது அட்டைகள் கறையானுக்குப் போய்விட்டன. கடை இருந்த இடத்தில் போன் விற்கிறார்கள். நான் பள்ளிக்கூடத்தில் இங்கிலீசு கற்பிக்கிறேன். போன வாரம் நானாவின் இடுப்பு நோவைப் பற்றி ஆஸ்பத்திரியிலிருந்து இங்கிலீசில் ஒரு கடிதம் வந்தது. நான் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தேன். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மூன்றாம் வகுப்புப் படிக்கும் தன் மகள் வரும்வரை காத்திருந்தார். அவள் எழுத்துக் கூட்டி வாசித்தாள். இரண்டு சொற்கள் பிழை. திருத்த வாயெடுத்தேன். நானா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.