முன் சீட்

வேன் டிரைவர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் அலாரம். முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் அலாரம். விடிவதற்கு முன்னால் போன் போட்டு, "எந்திரிச்சாச்சா? பொய் சொல்லாத, நீ புரண்டு படுக்கிற சத்தம் இங்க கேக்குது" என்று ஒவ்வொருத்தனாக எழுப்பிவிடுகிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? அவளுக்கும் அது தெரியும். போகட்டும் என்று தெரியாத மாதிரியே இருந்துவிட்டாள்.

கடற்கரைக்கு இறங்குகிற சாலையில், பெரிய ஹோட்டலின் மதிலை ஒட்டி அவளுடைய புக்கிங் கவுன்ட்டர். கவுன்ட்டர் என்பது சும்மா பேச்சுக்கு. ஒரு தகரக் கூரை, ஒரு மேசை, சாய்ந்தால் நம்மையும் சேர்த்துச் சாய்த்துவிடுகிற ஒரு நாற்காலி. காற்று கொஞ்சம் வேகமாக அடித்தால் டீயில் பாதி மணல். கூட்டமாகச் சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்குத் தனி வேன் ஏற்பாடு செய்துகொடுப்பதுதான் தொழில். குடும்பமாக வருவார்கள், ஆபீஸோடு வருவார்கள், பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்துவிட்டு, தொப்பை விழுந்தபிறகு ஒருவரை ஒருவர் தேடிப்பிடித்துக் கூட்டிக்கொண்டு வருவார்கள். அத்தனை பேரையும் மூட்டை முடிச்சோடு ஏற்றி, கலங்கரை விளக்கம், படகுத்துறை, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற கடைசிக் கடற்கரை என்று காட்டிவிட்டு, ஒரு ஆள் குறையாமல் திரும்பக் கொண்டுவந்து இறக்க வேண்டும்.

எத்தனை பேர், எத்தனை பெட்டி என்று யார் வேண்டுமானாலும் கேட்பார்கள். இவள் போனில் கேட்பதே வேறு. "வாந்தி எடுக்கிறவங்க யாராவது இருக்காங்களா? படி ஏற முடியாதவங்க? ஒருத்தரோட ஒருத்தர் பேசாதவங்க?" கடைசிக் கேள்விக்கு எதிர்ப்பக்கம் சிரிப்பு வரும். கொஞ்ச நேரம் கழித்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எங்க பெரியப்பாவையும் சின்ன மாமாவையும் பக்கத்துல பக்கத்துல போட்டுடாதீங்க" என்பார்கள். இவளும் யாரைக் கடைசி வரிசையில் தள்ளுவது, யாரை ஜன்னலோரம் வைத்துச் சமாதானப்படுத்துவது என்று மனசுக்குள்ளேயே வண்டியை நிரப்பிவிடுவாள்.

பொய்யும் சொல்வாள். அதில்லாமல் இந்தத் தொழில் ஒரு நாள் ஓடாது. டிரைவர் வீட்டில் பல் தேய்த்துக்கொண்டிருப்பான். இவள், "வண்டி வந்துட்டே இருக்கு சார், இதோ திருப்பத்துல நிக்குது" என்பாள். முகத்தில் ஒரு சுருக்கம் விழாது. அந்தச் சாமர்த்தியத்தில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அந்தச் சாலையில் எல்லா வேன்காரர்களுக்கும் பொதுவாக ஒரு வழக்கம் உண்டு. டிரைவர் பக்கத்தில் இருக்கிற முன் சீட்டை விற்க மாட்டார்கள். யாராவது கேட்டால், "அது உதவியாள் சீட் சார்" என்று சொல்லிவிடுவார்கள். உண்மையில் உதவியாளும் கிடையாது, ஒன்றும் கிடையாது. கடைசிக் கடற்கரைப் பக்கம் இருக்கிற ஹோட்டல்களில் பாத்திரம் கழுவுகிறவர்கள், துணி துவைக்கிறவர்கள், கடலில் குளிக்கிறவர்களைக் காப்பாற்ற விசிலோடு நிற்கிறவர்கள் எல்லாம் ஊருக்குள்ளிருந்துதான் போக வேண்டும். பஸ் அதன் இஷ்டத்துக்கு வரும். அதனால் அந்தப் பக்கம் போகிற வண்டியில் முன் சீட் அவர்களுக்கு. காசு கிடையாது, கேள்வி கிடையாது.

அப்படித் தினமும் போகிறவர்களில் ஒருத்தி அவளுடைய கூடப் பிறந்த அக்கா.

அக்கா அந்தப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் படுக்கை விரிப்புகளைத் துவைத்து இஸ்திரி போடுகிற வேலையில் இருந்தாள். நாளெல்லாம் நின்று நின்று முழங்கால் வீங்கிப்போய், படி இறங்கும்போது ஒரு காலை வைத்துவிட்டு மற்றதை யோசித்து வைப்பாள். கல்யாணம் பண்ணவில்லை. புருஷன் சரியில்லாமல் போய், கைக்குழந்தையோடு தங்கை ஒருநாள் வாசலில் வந்து நின்றபோது, ஏன், என்ன என்று ஒரு வார்த்தை கேட்காமல் குழந்தையை வாங்கிக்கொண்டு, "உள்ள வா" என்று சொன்னவள். அந்தக் குழந்தை வளர்ந்து இப்போது வேறு ஊரில் ஹாஸ்டலில் படிக்கிறது. அலாரம் இன்றைக்கும் இருப்பது அக்கா வீட்டில்தான். இதையெல்லாம் இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததைக் கேட்டுவிட்டு, சாதாரண விஷயம்தானே என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

அந்த சீசன் தொடக்கத்தில் ஒரு பெரிய கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. ஊழியர்களைக் கூட்டம் கூட்டமாகச் சுற்றுலா அனுப்பப் போகிறார்கள். முதல் கூட்டம் திருப்தியாகத் திரும்பினால் சீசன் முழுக்க இங்கேதான் புக்கிங். ஏற்பாடு செய்கிற அம்மா போனிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்: "தனி வண்டின்னா தனி வண்டியா இருக்கணும். போன தடவை வேற ஊர்ல நடுவழியில யாரையோ ஏத்திட்டாங்க. எங்க ஆளுங்களத் தவிர ஒரு ஈ கூட ஏறக் கூடாது."

"ஈ என்ன மேடம், கொசுகூட ஏறாது" என்றாள் அலாரம்.

வேன்களுக்கும் கவுன்ட்டருக்கும் சொந்தக்காரரான முதலாளியும் கூப்பிட்டுச் சொன்னார். புதிதாகக் கட்டியிருக்கிற ஹோட்டலுக்குள்ளேயே ஒரு கவுன்ட்டர் வருகிறது. கண்ணாடிக் கதவு, ஏசி, சாய்ந்து உட்காரக்கூடிய நாற்காலி. "இந்தப் பார்ட்டிய ஒழுங்கா கையில புடிச்சுக் குடுத்துட்டேன்னா அது உனக்குத்தான்" என்றார். மணல் விழாத டீயை நினைத்து நினைத்தே அவளுக்கு அந்த வாரம் ஓடியது.

அந்தக் கூட்டம் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அறைக்குள் போனாள். அக்கா வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நாளைக்கு எந்த வண்டிடி?" என்று கேட்டாள். நாளைக்கு மட்டும் பஸ்ஸில் போயேன் என்று சொல்ல வேண்டியது. அந்த முழங்காலைப் பார்த்ததும் வாய் வரவில்லை. "ரேடியோ வண்டிதான்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். காலையில் எப்படியாவது வேறு வண்டியில் ஏற்றிவிடலாம் என்று ஒரு கணக்கு.

ரேடியோ என்பது டிரைவரின் பட்டப்பெயர். ஸ்டியரிங்கைத் தொட்டால் வாய் ஓடத் தொடங்கிவிடும். கம்பெனிக்காரர்களுக்கு ஒதுக்கியிருந்ததும் அவன் வண்டிதான்.

காலையில் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழுந்தது. வேறு வண்டி என்று அவள் நினைத்துவைத்திருந்தது மக்கர் பண்ணிக் கிடந்தது. கம்பெனிக்காரர்கள் சின்னப் பை என்று சொல்லிவிட்டு ஆளுயரப் பெட்டிகளோடு வந்து இறங்கினார்கள். அவள் பெட்டிகளை அடுக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்த நேரத்தில், அக்கா வழக்கம்போல வந்து, வழக்கம்போல ரேடியோ கை கொடுக்க, முன் சீட்டில் ஏறி, சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஏற்பாடு செய்த அம்மா முன்பக்கக் கதவைத் திறந்தார். உள்ளே பார்த்தார். திரும்பி, "இவங்க யாரு..." என்று ஆரம்பித்தார்.

"தெரியலையே மேடம்" என்றாள் அலாரம்.

அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. வேலையில் அக்கறை இருப்பதைக் காட்ட வேண்டாமா? கதவருகே போய், "யாரும்மா நீங்க? தனி வண்டின்னு போர்டு போட்டிருக்குல்ல? திறந்திருந்தா ஏறி உக்காந்துடுறதா? இறங்குங்க, இறங்குங்க" என்றாள். திருப்பத்தில் வண்டி நிற்கிறது என்று சொல்வாளே, அதே குரல். ஒரு பிசிறு இல்லை.

ரேடியோ வாயைத் திறந்தான். திறந்த வாய் திறந்தபடியே இருந்தது.

அக்கா தங்கையைப் பார்த்தாள். பிறகு அந்த அம்மாவைப் பார்த்து, "மன்னிச்சுக்கங்கம்மா, வண்டி மாறி ஏறிட்டேன்" என்றாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு காலைத் தரையில் வைத்து, மற்றதை யோசித்து வைத்து இறங்கினாள்.

"ஐயோ, கால் முடியலையா?" என்றார் அந்த அம்மா. "எந்தப் பக்கம் போறீங்க? போற வழின்னா வாங்களேன். யாருன்னுதான் கேட்டேன்." அலாரத்தின் பக்கம் திரும்பி, "பெரியவங்கள இப்படியா அதட்டுறது?" என்றார்.

அக்கா, "வேணாம்மா, பஸ் இருக்கு" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

வேன் போய்விட்டது. அலாரம் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். காதிரண்டும் சுட்டன. என் அக்கா, வேலைக்குப் போகிறாள், வழியில் இறங்கிக்கொள்வாள் என்று சொல்லியிருந்தால் அந்த அம்மா சரி என்றுதான் சொல்லியிருப்பார். கேட்காத கேள்விக்குப் பயந்து கூடப் பிறந்தவளை நடுரோட்டில் இறக்கிவிட்டாள். சாலையில் எட்டிப்பார்த்தாள். தூரத்தில் பஸ் நிறுத்தத்தில் அக்கா உட்கார இடமில்லாமல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஓடிப்போய்ப் பேசியிருக்கலாம். போகவில்லை. என்ன சொல்வது என்று தெரியாமல் போகவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வெட்கத்தில் கால் எழவில்லை என்பதுதான் நிஜம்.

மத்தியானம் ரேடியோ போன் செய்தான். "கடைசி பீச்சுக்கு வந்தாச்சு" என்றான். வைத்துவிட்டான். ஒரு போனுக்கு ஒரு கதை சொல்கிறவன். அன்றைக்கு அவள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. புக்கிங் கேட்டு வந்த ஒரு குடும்பத்திடம், ஒருத்தரோடு ஒருத்தர் பேசாதவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்க வாயெடுத்து, நிறுத்திக்கொண்டாள்.

வெயில் தாழ்ந்ததும் வேன் திரும்பியது. எல்லாரும் சிவந்துபோன முகங்களோடு, ஈரத் துண்டுகளோடு சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். ஏற்பாடு செய்த அம்மாவுக்கு ரொம்பத் திருப்தி. சீசன் முழுக்க உங்களிடமே என்று பேசிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தத்தில் பஸ் வந்து நின்றது. அக்கா இறங்கினாள். வீட்டுக்குப் போக கவுன்ட்டரைத் தாண்டித்தான் போக வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு மறு ஓரமாகப் போனாள்.

"அட, காலையில பார்த்த அம்மா!" என்றார் அவர். "வாங்க வாங்க. பஸ் கிடைச்சுதா?"

அக்கா நின்றாள்.

இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் மனுஷியே இல்லை என்று அலாரத்துக்குத் தோன்றியது. "மேடம், இவங்க என் அக்கா. கூடப் பொறந்த அக்கா. காலையில நான் பொய் சொன்னேன்" என்றாள்.

அந்த அம்மாவின் சிரிப்பு நின்றது. "சொந்த அக்காவையா அப்படி விரட்டுனீங்க?" என்றார். குரலில் இருந்த இனிமை அடியோடு போய்விட்டது. கையிலிருந்த போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். போனபடி போகட்டும், கண்ணாடிக் கதவும் வேண்டாம், ஏசியும் வேண்டாம் என்று அலாரம் தலையை நிமிர்த்தி நின்றாள். அந்த நாளில் அவள் நிமிர்ந்து நின்றது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

அக்கா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். ஏதோ சொல்ல வந்து, விட்டுவிட்டு, எச்சிலை விழுங்கிக்கொண்டாள். ரேடியோகூட வண்டியைத் துடைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தான். கடைசியில் அக்கா மெதுவாகச் சொன்னாள்: "இல்லம்மா. காலையில திட்டிட்டோமேன்னு மனசு கேக்காம சொல்றாங்க. எனக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்ல." சொல்லிவிட்டு, காலை இழுத்துக்கொண்டு சந்துக்குள் போய்விட்டாள்.

அந்த அம்மா பெரிதாக மூச்சு விட்டார். "பயந்தே போயிட்டேன். ஒரு வார்த்தை அதட்டுனதுக்கு இவ்வளவு வருத்தப்படுறீங்களே, நல்ல மனசுங்க உங்களுக்கு" என்று அலாரத்தின் கையைப் பிடித்தார். அடுத்த கூட்டத்துக்கு எத்தனை வண்டி வேண்டும் என்று சொல்லத் தொடங்கினார்.

அலாரம் மறுபடியும் உண்மையைச் சொல்லியிருக்கலாம். யாரும் வாயைக் கட்டவில்லை. அவள் தலையாட்டினாள். "சரிங்க மேடம்" என்றாள்.

வீட்டுக்குப் போனபோது அக்கா சாப்பாடு எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள். "கை கழுவிட்டு வா" என்றாள். அலாரம் கை கழுவிவிட்டு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தாள்.

"எதுக்குக்கா அப்படிச் சொன்ன?"

"பின்ன? உன் பொழப்பு போகட்டும்னு பார்த்துட்டு நிக்கவா?"

"காலையில நான் செஞ்சது..."

"வேலைக்காகச் சொன்ன. எனக்குப் புரியாதா?" அக்கா கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள். "நீ தெரியாதுன்னு சொன்னது கூட எனக்குப் பெருசாத் தெரியலடி. அந்தம்மா கேட்டு முடிக்கல. அதுக்குள்ள சொல்லிட்ட. கொஞ்சம் தயங்குவேன்னு நினைச்சேன்."

அலாரம் சோற்றைப் பிசைந்தாள்.

"சாயங்காலம் எனக்கு யாரும் இல்லன்னு சொன்னேன் பாரு. நீ நல்லா இருக்கணும்னுதான் சொன்னேன். அதுக்கே எனக்கு நாக்கு எழலடி" என்றாள் அக்கா. பிறகு, "சாப்பிடு, ஆறிடும்" என்று தண்ணீரை எடுத்து அவள் பக்கம் நகர்த்திவைத்தாள்.

அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அக்காவின் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை.