ஒரு முழப் பெட்டி

அந்தோணிராஜின் வலது கை போனது, பெரிய வெள்ளிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. காலை ஷிப்ட் முடிய இன்னும் இருபது நிமிடம் இருந்தது. ஒரகடத்தில் காருக்குத் தகடு அடிக்கும் கம்பெனி அது. அவன் பிரஸ் மெஷினில், நான் பக்கத்து லைனில். அவனுக்குச் சாத்தான்குளம் பக்கம், எனக்குச் சங்கரன்கோவில். பிள்ளைப்பாக்கத்தில் ஒரே அறையில் ஆறு வருடமாகக் குடியிருக்கிறோம்.

ஆள் எப்படி என்றால், பேச்சு குறைவு, வைக்கிற குழம்பில் உப்பு அதிகம். ஓ.டி. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை பூசை பார்க்காமல் வேலைக்கு வரமாட்டான். மெஷினை ஆன் செய்வதற்கு முன்னால் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொள்வான். "அப்படியே மெஷினுக்கும் ஞானஸ்நானம் குடுத்திருடே" என்று கிண்டல் செய்வேன். சிரிப்பான், அவ்வளவுதான். சிலுவை போட்ட அந்தக் கைதான் போனது. கை உள்ளே இருந்தால் மெஷினை நிறுத்துகிற சென்சார் மூன்று நாளாக வேலை செய்யவில்லை என்று சூப்பர்வைசருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. அவர் மேல் பாதி, என் மேல் பாதி.

ஆஸ்பத்திரியில், நசுங்கிய கையை ஒட்டவைக்க முடியாது என்று சொல்லி மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். அவன் மயக்கம் தெளியாமல் உள்ளே கிடந்தான். சரோஜா என்ற ஆயா ஒரு பேப்பரோடு என்னிடம் வந்தாள்.

"இன்னாப்பா, கைய எடுத்துனு போறியா, இங்கியே வுட்டுட்றியா? வுட்டுட்டா மஞ்ச பையில போட்டு அனுப்பிடுவாங்க. எரிச்சிடுவாங்க."

எரித்துவிடுவார்கள் என்றதும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. எங்கள் அப்பாவை எரித்தோம். அண்ணனை எரித்தோம். எரிப்பதுதான் எங்களுக்கு மரியாதை. தவிர, ஒரு கையைப் பையில் வாங்கிக்கொண்டு நான் எங்கே போவேன்? கையெழுத்துப் போட்டேன். கண் விழித்ததும் அவனைக் கேட்டுக்கொள்ளலாம் என்றுகூடத் தோன்றவில்லை.

அம்மாவிடம் சின்ன அடி என்றுதான் அவன் சொல்லியிருந்தான். ஐந்து நாள் கழித்து போனில் உண்மையைச் சொன்னான். சனிக்கிழமை காலை அவன் அம்மா மரியபுஷ்பம் எங்கள் அறை வாசலில் நின்றார். பீடி சுற்றி மகனை ஐ.டி.ஐ. படிக்கவைத்தவர். கக்கத்தில் ஒரு மரப்பெட்டி, ஒரு முழ நீளம் இருக்கும். மகன் முகத்தைத் தடவினார், கட்டுப் போட்ட கையைத் தொட்டுப் பார்த்தார், அழுதார். பிறகு கேட்டார்:

"கை எங்கய்யா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே சொன்னார். அந்தோணியின் அப்பாவுக்குச் சர்க்கரை வியாதியில் ஒரு காலை எடுத்தபோது, அதை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்களாம். இரண்டு வருடம் கழித்து அவர் செத்ததும் அதன் பக்கத்திலேயே அவரையும் வைத்தார்களாம். கடைசித் தீர்ப்பு நாளில் உயிர்த்து எழும்பும்போது காலைத் தேடி அலையக் கூடாது அல்லவா?

"இவன் கைக்கும் அப்பா பக்கத்துல எடம் கேட்டுட்டேன். ஆண்டவருக்கு எல்லாம் முடியும், கவலைப்படாதன்னு பங்குச் சாமியார் சொன்னாரு. முடியும்யா. ஆனா நம்ம வேலைய நாம செய்யணும்லா?"

"எரிச்சிட்டாங்கம்மா" என்றான் அந்தோணி.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "யாரு எரிக்கச் சொன்னா?" என்றார்.

"நாந்தாம்மா. பேப்பர்ல நாந்தான் கையெழுத்துப் போட்டேன்" என்று அந்தோணி முந்திக்கொண்டான்.

அவர் மகனின் கையில் இருந்த கட்டையே பார்த்தார்.

"எந்தக் கையாலலே?"

அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "நாந்தாம்மா போட்டேன்" என்றேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "ஒனக்கு என்னய்யா தெரியும், நீயும் பயந்துதான போயிருப்ப" என்று சொல்லிவிட்டு எங்கள் இரண்டு பேருக்கும் சோறு பொங்கினார்.

மறுநாள் ஈஸ்டர். காலைப் பூசைக்கு நானும் போனேன். பீடத்தில் பூவுக்கு நடுவே உயிர்த்த இயேசுவின் சுரூபம் நின்றது. வலது கையைத் தூக்கி ஆசீர்வதித்தபடி, உள்ளங்கையில் சிவப்புப் பெயின்ட்டில் காயம். அந்தோணி அம்மாவின் காதோரம் குனிந்தான்.

"எந்திரிச்ச பொறவும் அவருக்கு ஆணிக் காயம் அப்படியேதான இருந்துச்சு? நானும் இப்படியே எந்திரிச்சிட்டுப் போறேம்மா."

"காயம் இருந்துச்சு ராசா. கையும் இருந்துச்சுல்லா."

அவன் நிமிர்ந்து நின்றுகொண்டான். சுற்றிலும் எல்லோரும் அல்லேலூயா பாடினார்கள்.

வெளியே வந்ததும் என்னை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டார்.

"எய்யா காசி, எரிச்ச எடத்துல சாம்பலாவது கெடைக்குமா? ஒரு பிடி போதும்."

முந்தைய நாள் சாயங்காலமே நான் சரோஜாவைப் பார்த்துக் கேட்டிருந்தேன். "நாலு ஆஸ்பத்திரி பையும் ஒண்ணா ஏத்தினு வண்டி பூடும்பா. எது யாரோடதுன்னு இன்னா தெரியும்?" என்று கையை விரித்திருந்தாள். இதை அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

"கேட்டுப் பாக்கேம்மா" என்றேன்.

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. அறைக்கு வந்ததும் பெட்டியை என் கையில் கொடுத்தார். "வாங்கி இதுல வச்சிருய்யா. நவம்பர்ல கல்லறைத் திருநாளுக்கு வருவான்லா, கொண்டாரட்டும். அது வரைக்கும் நீயே வச்சிரு" என்றார். சாயங்காலம் ஊருக்கு பஸ் பிடிக்க அவரைச் சிங்கப்பெருமாள் கோவிலுக்கு ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டோம்.

பெட்டி என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. ஞாயிறுதோறும் அம்மா போன் செய்கிறார். "கேட்டியாய்யா?" என்கிறார். "கேட்டுக்கிட்டுதாம்மா இருக்கேன்" என்கிறேன். அந்தோணி பக்கத்தில் உட்கார்ந்து, இடது கையால் சிலுவை போட்டுப் பழகிக்கொண்டிருக்கிறான்.