வெறும் சுவருக்கு விளக்கம் சொல்கிறேன்

படத்தைக் காட்டிப் பேசுவது சுலபம். படமே இல்லாத கண்காட்சியில் நின்று பேசிப் பார்த்தால்தான் என் பிழைப்பு தெரியும்.

கோவையில் ஒரு கலைக்கூடத்தில் விளக்கம் சொல்பவளாக இருக்கிறேன். எங்கள் கூடத்தில் பெரும்பாலும் கருத்துக் கலைதான். அதாவது, கலைஞருடைய யோசனைதான் படைப்பு. பொருள் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. அந்த யோசனையைத் தமிழில் அட்டையாக எழுதிச் சுவரில் மாட்டுவேன். அட்டையைப் படித்துவிட்டு மக்கள் திரும்பிப் பார்க்கும் பார்வையையும் நான்தான் வாங்கிக்கொள்வேன். தனக்கே பாதி புரிந்ததை அடுத்தவருக்கு முழுசாகப் புரியவைக்கச் சம்பளம் வாங்கும் எல்லாரும் என் உறவுக்காரர்களே, கேளுங்கள்.

நினைத்துக்கொள்ளுங்கள்

ஒரு வெள்ளைச் சுவர். பக்கத்தில் அட்டை: "இங்கே ஓர் ஓவியம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்." கீழே கலைஞரின் பெயர். கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒரு பெரியவர், பக்கத்து ஆஸ்பத்திரியில் சொந்தக்காரரைப் பார்க்க வந்தவர், பார்வை நேரம் ஆகவில்லை என்று உள்ளே வந்தார். அட்டையைப் படித்தார். கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். அவரோ கையைக் கட்டிக்கொண்டு ஐந்து நிமிஷம் சுவரையே பார்த்தார்.

அப்புறம் என்னைக் கூப்பிட்டார். "நெனச்சுட்டனுங்க அம்மணி, மழையில நனைஞ்ச யானை. நல்லாத்தான் வந்திருக்குது. நான் நெனச்சதுக்கு அவரு பேரை எதுக்குங்க போட்டீங்க?"

அச்சுக்குப் போன தலைப்பு

இன்னொரு கண்காட்சியில் காலிக் கண்ணாடிப் பெட்டி ஒன்று. ஆங்கிலத் தலைப்போடு மூன்று நாள் மல்லுக்கட்டி "இல்லாமையின் இருப்பு" என்று தமிழாக்கினேன். தமிழ் எம்.ஏ. படித்தது வீண் போகவில்லை என்று எனக்கு ரொம்பப் பெருமை.

காந்திபுரத்தில் எங்கள் அட்டைகளை அச்சடிக்கும் கடையில் சுமதி என்றொரு டிசைனர். வேலையில் ஒரு புள்ளி விடமாட்டாள். தலைப்பை அனுப்பிய அரை மணி நேரத்தில் போன் செய்தாள். "ஏனுங்க அக்கா, பொட்டிக்குள்ள இருக்குதுங்களா, இல்லீங்களா? ஏதாவது ஒண்ணச் சொல்லுங்க, ப்ரூஃப் முடிக்கோணும்."

சொல்லாத சொல்

ஒரு மேஜை, அதில் சீட்டுகள், பக்கத்தில் ஒரு மரப்பெட்டி. ஒருவரிடம் சொல்ல நினைத்து இதுவரை சொல்லாமலே விட்ட ஒரு சொல்லை எழுதிப் பெட்டியில் போட வேண்டும். சேரும் சீட்டுகள்தான் படைப்பு. ஆனைமலையிலிருந்து வந்த ஓர் அம்மா, "எங்கூரு மாசாணியம்மனுக்குக் கொறையை எழுதி வெச்சா அவ பார்த்துக்குவா, இங்க யாருங்க பார்ப்பாங்க?" என்று கேட்டுவிட்டு எழுதாமலே போனார்.

ஆனால் ஐம்பது வயதிருக்கும் ஒருவர், பஸ் டிரைவர், பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் நின்று எழுதிப் போட்டார். மூன்றாம் நாள் திரும்ப வந்து சீட்டைக் கேட்டார். படைப்பில் கை வைக்க எனக்கு அனுமதி இல்லை என்றேன். வெட்கத்தோடு சிரித்தார். "சம்சாரத்துகிட்ட நேத்து நேராவே சொல்லிப்போட்டனுங்க. இனி அது சொல்லாத சொல் இல்லீங்களே, பொய்யாக் கெடக்குமே?" பெட்டியைத் திறந்துவிட்டேன்.

பத்து மீட்டர்

இது நான் தனியாகப் பொறுப்பேற்ற முதல் கண்காட்சி. சென்னையிலிருந்து கலைஞர் அனுப்பியது ஒரே ஒரு தாள்: "தவறுள்ள துணி பத்து மீட்டர் நெய்க." நெய்ய வைப்பது என் பாடு. கருமத்தம்பட்டியில் நாலு விசைத்தறி வைத்திருக்கும் சிவசாமி அண்ணனிடம் தாளைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சரிங்க என்றார்.

திறப்பு விழா அன்று காலையில் துணியோடு வந்தார். விரித்துப் பார்த்தேன். பாலாடை மாதிரி இருந்தது, ஒரு குறை இல்லை. "இழை அறுந்ததும் கை தானாப் போயி தறிய நிறுத்திப்போடுதுங்க. மூணு தடவை கண்ண மூடிக்கூடப் பார்த்தனுங்க" என்றார், தலையைக் குனிந்துகொண்டு. அதற்குள் கலைஞரே வந்துவிட்டார். போன் வெளிச்சத்தில் துணி முழுக்கத் தேடினார். "தவறு எங்கே?" என்று என்னைக் கேட்டார். வேலை போயிற்று என்றே முடிவு செய்துகொண்டு நடந்ததைச் சொன்னேன்.

அவர் சிவசாமி அண்ணன் கையைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், வாய்விட்டுச் சிரித்தார். தாளுக்கு ஒரு சட்டம் போட்டு, துணிக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொன்னார். மாட்டி முடித்ததும் சிவசாமி அண்ணன் தள்ளி நின்று பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். "இப்பச் செரியாப் போச்சுதுங்க. தப்பு அந்தத் தாள்லதானுங்களே இருக்குது."

இத்தனை வருஷத்தில் நான் கண்டது இதுதான்: நான் எழுதி மாட்டும் அட்டையில் எப்போதும் ஒரு வரி குறைகிறது, அது வருகிறவர் வாயில் இருக்கிறது.