மொட்டையாகும் குட்டி ரோஜா

மூத்த மகள் சிநேகிதிகளோடு ஸ்கூட்டரில் பொன்முடிக்குப் போயிருக்கிறாள். மலையில் நல்ல மழை என்கிறார்கள். அவள் போனுக்கு லைன் கிடைக்கவில்லை. கத்தரிக்கோலோடு பால்கனித் தொட்டியின் முன் நிற்கிறேன். வெட்டிய ரோஜாத் தண்டின் பச்சை வாசனை என்னைச் சின்ன வயதில் இருந்த கரமனை வீட்டுக் கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போகிறது.

அப்பாவுக்குப் பொன்முடித் தேயிலைத் தோட்டத்தில் கணக்கு வேலை. சனிக்கிழமை பஸ்ஸில் வருவார். மழையில் பஸ் தாமதமானால் அம்மா வாசலுக்கே போகமாட்டாள். கொல்லையில் நிற்கும் கருஞ்சிவப்புக் குட்டி ரோஜாவில் கரும்புள்ளி விழுந்த இலைகளைக் கிள்ளுவாள். அது தீர்ந்ததும் கிளைகளை வெட்டத் தொடங்குவாள்.

"அம்மா, அப்பா ஏன் இன்னும் வரலை?"

"வெளிப்பக்கம் பாக்கற கணுவுக்கு மேல சாய்ச்சு வெட்டணும். தண்ணி தங்கினா அழுகிடும், கேட்டியா?"

அப்பா வந்ததும் மொட்டைச் செடியைப் பார்ப்பார். பிறகு கால் கழுவப் போவார். மழைக்காலம் முடிந்ததும் செடி பூத்துக் கொட்டும். அம்மாவின் கைராசி என்று தெருவே சொல்லும். நான் மட்டும் அந்தப் பூக்களைத் தலையில் வைத்துக்கொள்ளமாட்டேன்.

சின்னவள் பால்கனிக்கு வருகிறாள். "அம்மா, சேச்சி எப்போ வருவா?"

"வெளிப்பக்கம் பாக்கற கணுவுக்கு மேல," என்கிறேன், "சாய்ச்சு வெட்டணும், கேட்டியா?"